காணாக் காலத்தை வரைந்தவர்

வந்தியத்தேவனின் உருவம் எனக் கூறத்தக்க சிலையோ ஓவியமோ நமக்குக் கிட்டவில்லை. ஆயினும் அப்பெயரைக் கேட்டவுடன், குதிரைமீது அமர்ந்த இளவீரன் ஒருவன் வாசகர் மனத்தில் தோன்றுகிறான். அத்தோற்றத்தைத் தந்தவர் ஓவியர் மணியம்.

சுப்பிரமணியம் என்னும் இயற்பெயர் கொண்ட இவர், 1924இல் பிறந்தார். சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று, 'கல்கி' இதழில் ஓவியரானார். 1950 முதல் 1954 வரை அவ்விதழில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வெளிவந்தபோது, அதற்குப் படம் வரையும் பொறுப்பு இவருடையதாயிற்று.

வாரந்தோறும் படங்கள் வேண்டும். வரையவேண்டியதோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய உலகம். இளவரசியின் அணிகலன் எத்தகையது? காவல் வீரன் எவ்வாறு நின்றான்? எழுத்தாளர் சொல்லாமல் விடலாம். ஓவியர் விட இயலாது. எனவே கோயில்களும் குகைகளுமே அவருக்கு நூலகமாயின. கல்கி அவரை அஜந்தாவிற்கும் இலங்கைக்கும் அழைத்துச் சென்றார். தஞ்சைப் பெரியகோயிலின் சோழர்கால ஓவியங்கள், பிற்கால வண்ணப்பூச்சின் அடியிலிருந்து 1931இல்தான் வெளிப்பட்டிருந்தன.

இத்தகைய சான்றுகள் விழுப்புரம் மாவட்டத்திலும் உண்டு. மண்டகப்பட்டுக் குடைவரையின் வாயிற்காவலர் சிற்பங்களில் பல்லவர்கால நிற்கும் நிலையைக் காணலாம். பனைமலைக் கோயிலில், இராசசிம்மன் காலத்து ஓவியத்தில் எஞ்சிய பகுதியாக இறைவியின் உருவம் உள்ளது. மகுடம், அணிகள், மேலே குடை, மடக்கிய ஒரு கால் ஆகியவை இன்றும் புலப்படுகின்றன. அவ்விறைவி கண்டுநிற்கும் சிவனின் ஆடலோ பெரிதும் அழிந்துவிட்டது. வரலாற்று ஓவியருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இத்தகைய பாதிச் சுவரே. மீதியை அவரே நிரப்ப வேண்டும்.

மணியம் அதனை எவ்வாறு நிரப்பினார் என்பதற்குக் குந்தவையும் நந்தினியும் சான்று. குந்தவையின் கூந்தல் உயர்ந்து நிற்கும். நந்தினிக்கு ஆண்டாளின் சாய்ந்த கொண்டை. பெயரைப் படிக்குமுன்பே இன்னார் என வாசகர் அறிந்துகொள்வர். ஆனால், இவ்விருவரும் ஒருதன்மையர் அல்லர். குந்தவை பெரியகோயிலுக்கு அளித்த கொடைகளைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. நந்தினியோ கல்கியின் படைப்பு. மணியத்தின் தூரிகை இருவருக்கும் ஒரே அளவு உயிர் கொடுத்தது. வரலாறு பயில்வோர் இவ்வோவியங்களில் மயங்கும் இடம் இதுவே. கலை வென்ற இடமும் இதுவே.

1968இல், நாற்பத்து நான்காம் அகவையில், மணியம் மறைந்தார். அவர்தம் மகன் 'மணியம் செல்வன்' என்னும் பெயரில் ஓவியப் பணியைத் தொடர்ந்தார்.