அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில்

நிந்தவூரில் கொழுகொழுவென்றிருக்கும் பிள்ளையின் நிறையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, கண்ணூறு பட்டுவிடும். "மாஷா அல்லாஹ்" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். பெரியவர்களின் சீனி வருத்தத்தையும் பிரஷரையும் மட்டும் மணிக்கணக்கில் பேசுவோம். அவற்றுக்கான விதை பல வேளைகளில் பள்ளிக்கூட வயதிலேயே விழுந்துவிடுகிறது.

போத்தலில் ஒரு சிவப்பு வட்டம்

2016 ஆகஸ்ட் முதல் இலங்கையில் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவை நிறத்தால் காட்ட வேண்டும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேலென்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழென்றால் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். சிவப்பு வட்டமுள்ள 400 மில்லிலீற்றர் போத்தலில் 44 கிராமுக்கு மேல் சீனி, அதாவது பத்துத் தேக்கரண்டிக்குக் குறையாது. பிளேன்டீயில் பிள்ளை அத்தனை கரண்டி அள்ளினால் உம்மா கையைத் தட்டிவிடுவார். செம்மஞ்சளைப் 'பரவாயில்லை' என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். 10 கிராமும் செம்மஞ்சள்தான்.

2017 நவம்பரில் மென்பானத்திலுள்ள சீனிக்குக் கிராமுக்கு 50 சதம் வரி வந்தது. மறு வருடமே அதைத் தளர்த்தினார்கள். வரியும் வட்டமும் கடைவாசலோடு நின்றுவிடும். பெருநாளைக்கும் விருந்துக்கும் போத்தலைத் தூக்கி வருவது நாம்தான்.

பட்டினி போடாதீர்கள்

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் பாடசாலைக்கு வந்து 1, 4, 7, 10ஆம் தரப் பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்கள். உயரமும் நிறையும் என்னவென்று கேட்டு அறியுங்கள். நிறை கூடியிருந்தால் பெரும்பாலும் அது மேலும் ஏறாமல் நின்றாலே போதும். உயரம் வளர வளர ஈடாகிவிடும். இரவுக் கொத்துரொட்டியை விட்டு இடியப்பமும் மீனாணமும், இடைவேளை ரோல்ஸை விட்டு அவித்த கௌபியும் கடலையும் கொடுங்கள்.

பந்து எங்கே?

5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் அது தாராளமாக அடங்கும். ஆனால் அந்த நேரத்தை டியூஷன் எடுத்துக்கொள்கிறது, மிச்சத்தைப் போன். புலமைப்பரிசில் வருடத்தில் பந்து கட்டிலுக்கடியில் கிடக்கும். சமதரையான மண், சைக்கிள் மிதிக்கத் தோதான ஊர். அடுத்த தெருவுக்கும் வாப்பாவின் மோட்டார் சைக்கிள்தான்.

ஆண் பிள்ளைகளுக்காவது கடற்கரை இருக்கிறது. பெரிய பிள்ளையான பெண் பிள்ளைக்கு? வீட்டு வளவோடு சரி. எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது இதுதான். மதில் கட்டிய பாடசாலை மைதானமொன்றை வாரத்தில் மூன்று பின்னேரம் பெண்களுக்கு மட்டும் திறந்துவிடலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பள்ளிவாசல் நிருவாகமும் மனம் வைத்தால் செலவு இரண்டு வலைப்பந்துகள்தான். பிள்ளைகள் விளையாடும்போது உம்மாமாரும் ஓரமாக நாலு சுற்று நடக்கலாம்.