பல் நலமும் பொதுவான வாய் நோய்களும்

பற்கள், ஈறுகள், நாக்கு, வாயின் உட்பரப்பு ஆகியவை நோயின்றியும், உண்ணவும் பேசவும் தடையின்றியும் இருக்கும் நிலை வாய் நலம் எனப்படுகிறது. உலக மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, அதாவது சுமார் 350 கோடி பேருக்கு, ஏதேனும் ஒரு வாய் நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு அறிக்கையில் குறிப்பிட்டது. இவற்றில் முதலிடம் பற்சொத்தைக்கு உரியது. ஈறு நோயும் பரவலாகக் காணப்படுகிறது. இந்தியா, இலங்கை போன்ற தெற்காசிய நாடுகளில் வாய்ப் புற்றுநோயும் முக்கியமான சிக்கலாக உள்ளது.

இந்த மூன்று நோய்களுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. தொடக்க நிலையில் இவை பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி தோன்றும்போது நோய் முற்றியிருக்கும். எனவே வலி வந்த பிறகே மருத்துவரிடம் செல்லும் பழக்கம், எளிதில் தீரக்கூடிய நோயைக் கடினமான நோயாக மாற்றிவிடுகிறது.

பல்லின் அமைப்பு

குழந்தைகளுக்குப் பால் பற்கள் 20. பெரியவர்களுக்கு ஞானப்பற்கள் உட்பட நிலைப் பற்கள் 32. பல்லின் வெளியுறை எனாமல் ஆகும். மனித உடலில் மிகக் கடினமான பொருள் இதுவே. இதில் பெரும்பகுதி கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கனிமம். எனாமலில் உயிருள்ள செல்களோ நரம்புகளோ இல்லை. ஆகவே அது அரிக்கப்படும்போது வலி தெரிவதில்லை. குழி விழுந்துவிட்டால் மீண்டும் வளர்வதும் இல்லை.

எனாமலுக்கு உள்ளே டென்டின் என்ற சற்று மென்மையான அடுக்கு இருக்கிறது. அதில் மிக நுண்ணிய குழாய்கள் உள்ளன. அதற்கும் உள்ளே, பல்லின் நடுவில், இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த பற்கூழ் உள்ளது. பல்லின் வேர் தாடை எலும்பில் பதிந்து, ஈறுகளால் சூழப்பட்டிருக்கிறது.

பற்சொத்தை உருவாகும் விதம்

பல்லைப் புழு அரிப்பதால் சொத்தை உண்டாகிறது என்ற நம்பிக்கை பழங்காலத்தில் பல நாடுகளில் இருந்தது. சொத்தைப் பல்லைப் ‘பூச்சிப் பல்’ என்று சொல்லும் வழக்கம் தமிழில் இன்றும் உண்டு. பிரெஞ்சுப் பல் மருத்துவர் பியர் போஷார், 1728இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை மறுத்தார். வாயிலுள்ள பாக்டீரியாக்கள் மாவுப் பொருளையும் சர்க்கரையையும் அமிலமாக மாற்றுவதும், அந்த அமிலம் பல்லைக் கரைப்பதுமே காரணம் என்று 1890இல் வில்லோபி மில்லர் விளக்கினார்.

பற்களின் மேல் ஒட்டிக்கொள்ளும் பிசுபிசுப்பான பாக்டீரியாப் படிவு பற்படலம் எனப்படும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் உள்ளிட்ட பாக்டீரியாக்கள் இதில் வாழ்கின்றன. சர்க்கரை கிடைத்த சில நிமிடங்களிலேயே இவை அமிலத்தை உண்டாக்குகின்றன. பற்படலத்தின் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கனிமம் கரையத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்த கனிமத்தில் ஒரு பகுதியைத் திரும்பச் சேர்க்கிறது. இதற்குப் பொதுவாக அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும்.

இதனால் சர்க்கரையின் அளவைப் போலவே அதை உண்ணும் தடவைகளும் முக்கியமாகின்றன. சுவீடனின் விபேஹோல்ம் மருத்துவமனையில் 1940களில் தொடங்கிய ஆய்வு இதைக் காட்டியது. உணவோடு இனிப்பு உண்டவர்களைவிட, உணவு வேளைகளுக்கு இடையே ஒட்டும் மிட்டாய்களை உண்டவர்களுக்குச் சொத்தை மிக அதிகமாக ஏற்பட்டது. அறிவு வளர்ச்சி குன்றிய நோயாளிகள்மீது அவர்களது ஒப்புதலின்றி நடத்தப்பட்டதால், இந்த ஆய்வு இன்று கடுமையாக விமர்சிக்கப்படுகிறது. ஆயினும் அதன் முடிவு பல் மருத்துவத்தில் ஏற்கப்பட்டுள்ளது. ஒரு குவளை இனிப்புத் தேநீரை ஒரே முறையில் குடித்து முடிப்பதைவிட, நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் குடிப்பது பல்லுக்கு அதிகத் தீங்கு தரும்.

வலி தொடங்குவதும் நிற்பதும்

சொத்தையின் முதல் அறிகுறி எனாமலில் தோன்றும் மங்கலான வெண்புள்ளி. இந்நிலையில் புளோரைடும் முறையான துப்புரவும் நோயை நிறுத்தி, ஓரளவு சரிசெய்யவும் கூடும். கவனிக்காமல் விட்டால் குழி விழுகிறது. அரிப்பு டென்டினை எட்டும்போது குளிர்ந்த நீர், இனிப்பு ஆகியவை பட்டதும் கூச்சம் தோன்றும். இந்நிலையில் பெரும்பாலும் சொத்தையை அகற்றிப் பல்லை அடைத்தால் போதும். பற்கூழ் மீள முடியாத அளவு பாதிக்கப்பட்டால் தானாகவே, குறிப்பாக இரவில், கடும் வலி எடுக்கும். அப்போது வேர்ச் சிகிச்சையோ பல்லை எடுப்பதோ தேவைப்படும்.

கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜெனால் வலியைச் சிறிது நேரம் மரத்துப்போகச் செய்கிறது. சொத்தையை அது குணப்படுத்துவதில்லை. சில நாள் கடுமையாக வலித்த பல், சிகிச்சை இல்லாமலே திடீரென வலி நின்று அமைதியாவதும் உண்டு. நோய் தீர்ந்துவிட்டதாகப் பலர் இதைக் கருதுகின்றனர். உண்மையில் பற்கூழ் இறந்துவிட்டதால் நரம்பு உணர்வை இழந்திருக்கலாம். தொற்று வேரின் நுனி வழியாக எலும்புக்குள் பரவிச் சீழ்க்கட்டியை உண்டாக்கலாம். முகம் அல்லது கழுத்து வீங்குதல், காய்ச்சல், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஆகியவை இருந்தால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

குழந்தைகளின் பற்கள்

பால் பற்கள் விழுந்துவிடும் என்பதால் அவற்றுக்குச் சிகிச்சை தேவையில்லை என்ற எண்ணம் தவறானது. பின்வரும் நிலைப் பற்களுக்கு இடத்தைக் காத்துவைப்பவை அவையே. சர்க்கரை கலந்த பால் புட்டியுடன் குழந்தையைத் தூங்கவைத்தால், உமிழ்நீர் குறைவாகச் சுரக்கும் இரவு நேரத்தில் மேல் முன்பற்கள் விரைவாகச் சொத்தையாகின்றன.

ஏறத்தாழ 6 வயதில் முதல் நிலைக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பால் பல்லும் விழாமல், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் இது வருவதால், பெற்றோர் பலர் இதையும் பால் பல் என்றே நினைத்து விட்டுவிடுகின்றனர். வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய இந்தப் பல்லை இழந்தால் மாற்றாக வேறு பல் முளைக்காது.

ஈறு நோய்

ஈறு விளிம்பில் பற்படலம் தங்கும்போது ஈறு சிவந்து வீங்கி, பல் துலக்கும்போது இரத்தம் கசிகிறது. இது ஈறழற்சி. நன்றாகத் துலக்கிவந்தால் இது மாறிவிடும். ஆனால் இரத்தத்தைக் கண்டு அஞ்சி அந்த இடத்தைத் துலக்காமல் விட்டால் நோய் வளரும். பற்படலம் கெட்டியாகிக் காரையாக மாறியபின் அதைப் பல் மருத்துவரே அகற்ற முடியும்.

நோய் முற்றினால் ஈறு பல்லிலிருந்து விலகி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. இழந்த எலும்பு தானாக முழுமையாக மீள்வதில்லை. வலியே இல்லாமல் பல் ஆடத் தொடங்கும். நீரிழிவு நோயாளிகளுக்கு ஈறு நோய் அதிகம். ஈறு நோயும் இரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் கடினமாக்குகிறது. காரையை அகற்றினால் பல் ஆடிவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. உண்மையில் பல்லை ஆடச் செய்வது நோயினால் ஏற்படும் எலும்பு இழப்பே.

புளோரைடும் பற்கறையும்

சிறிதளவு புளோரைடு எனாமலை வலுப்படுத்துகிறது. பற்கள் உருவாகும் இளம் வயதில் மிகுதியான புளோரைடு உடலில் சேர்ந்தால் பற்களில் வெண்திட்டுகளும் பழுப்புக் கறைகளும் தோன்றும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் காட்டும் வரம்பு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்கான தீர்வாகவே அமைந்தது. இக்கறை அழுக்கு அன்று. செங்கல் பொடி, கரி, சாம்பல் கொண்டு தேய்த்தால் கறை போகாது, எனாமல்தான் தேயும்.

பாக்கும் புகையிலையும்

பாக்கு, புகையிலை கலக்காதபோதும், புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. பாக்கு மெல்லும் பழக்கத்தால் கன்னத்தின் உட்பகுதி வெளிறி, நார்த்தன்மை அடைந்து, வாய் திறப்பது படிப்படியாகக் குறைகிறது. காரமான உணவு எரிச்சல் தருவது இதன் தொடக்க அறிகுறி. இந்நிலை புற்றுநோயாக மாறும் வாய்ப்பு உண்டு. புகையிலையும் மதுவும் ஆபத்தை மேலும் கூட்டுகின்றன.

இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், துடைத்தால் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கட்டி, காரணமின்றி ஆடும் பல் ஆகியவை வலி இல்லாவிட்டாலும் பரிசோதிக்கப்பட வேண்டியவை. தொடக்க நிலையில் கண்டறியப்பட்ட வாய்ப் புற்றுநோயைக் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம்.

தடுப்பு முறைகள்

புளோரைடு கலந்த பற்பசையால் நாள்தோறும் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 2 நிமிடம் துலக்க வேண்டும். இரவில் துலக்கியபின் எதுவும் உண்ணக் கூடாது. 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அரிசி மணி அளவு பற்பசையும், 3 முதல் 6 வயதுவரை பட்டாணி அளவும் போதுமானவை. வேப்பங்குச்சியோ ஆலங்குச்சியோ பயன்படுத்துவோர் ஈறில் காயம் படாமல் மென்மையாகத் தேய்க்க வேண்டும். அவற்றில் பற்பசையிலுள்ள புளோரைடு கிடைப்பதில்லை.

இனிப்பை உணவு வேளையோடு நிறுத்திக்கொள்வதும், பாக்கு, புகையிலையைத் தவிர்ப்பதும் நோய்களின் வேரையே அறுப்பவை. வலி இல்லாதபோதும் பல் மருத்துவரிடம் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. வெண்புள்ளியும், ஈறில் கசியும் இரத்தமும், ஆறாத புண்ணும் வலியில்லாமல் வருபவை. பல்லையும் சில வேளைகளில் உயிரையும் காப்பது அவற்றை அந்நிலையிலேயே கண்டறிவதுதான்.