எப்போது நீக்குவது?

பால் வற்றிய ரப்பர் மரத்தை எப்போது வெட்டுவது என்பது தோட்டத்தில் வாழும் நமக்குப் புதிய கேள்வியன்று. வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் எவரும் மரத்தைச் சாய்ப்பதில்லை. கணினி உலகிலும் இப்படி ஒரு கேள்வி உண்டு. அதைப் பற்றி இன்று பார்ப்போம்.

கணினியை இயக்கும் மென்பொருள்களில் ஒன்று லினக்ஸ். அதைத் தொகுத்து இலவசமாக வழங்கும் குழுக்கள் பல. 1993-ஆம் ஆண்டில் தொடங்கிய டெபியன் அவற்றுள் ஒன்று. பல நாட்டுத் தொண்டர்கள் சேர்ந்து அதைப் பேணி வருகிறார்கள். கடிதம் எழுத, கணக்குப் போட, படம் வரைய என வேண்டிய மென்பொருள்களை ஒரு பொதுக் களஞ்சியத்தில் வைத்திருக்கிறார்கள். 2023-இல் வெளிவந்த 12-ஆம் பதிப்பில் 60,000-க்கும் மேற்பட்ட மென்பொருள் பொதிகள் இருந்தன.

ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். அவர் விலகிவிட்டால் அப்பொதியை 'அநாதை' என்று குறித்து, வேறொருவரை எதிர்பார்ப்பார்கள். சில வேளைகளில் மென்பொருளை எழுதியவரே அதைக் கைவிட்டுவிடுவார். அதனால் என்ன கெட்டுவிடும் என்று நீங்கள் கேட்கலாம். மென்பொருள் துருப்பிடிப்பதில்லை. ஆனால் அதிலுள்ள ஓட்டைகள் நாளடைவில் வெளிப்படும். அடைப்பதற்கு ஆளில்லையென்றால் திருடனுக்கு அது திறந்த கதவு. களஞ்சியத்தில் இருப்பதனாலேயே நல்லதென்று நம்பி எடுப்பவர்தாம் ஏமாறுவார்.

அதற்காக உடனே நீக்கிவிடலாமா? கூடாது. முதலில் சில கேள்விகளுக்கு விடை காணவேண்டும். பழுதைத் திருத்த யாரேனும் முன்வருகிறார்களா? திருத்தப்படாத பெரும் பழுது உண்டா? வேறு எத்தனை பொதிகள் இதை நம்பி நிற்கின்றன? இதற்கு மாற்று இருக்கிறதா? பழையதாயினும் பழுதின்றி இயங்கி, கவனிக்க ஓர் ஆளும் இருந்தால் அது இருந்துவிட்டுப் போகட்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கணினிக்குக் கட்டளை எழுதும் மொழிகளில் ஒன்று பைத்தான். அதன் மூன்றாம் பதிப்பு 2008-இல் வந்தது. இரண்டாம் பதிப்பைப் பேணும் வேலையை அதை உருவாக்கியவர்கள் 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டார்கள். ஆனால் டெபியனில் ஆயிரக்கணக்கான பொதிகள் அதனை நம்பியிருந்தன. ஆகவே, அவற்றை ஒவ்வொன்றாகப் புதிய பதிப்புக்கு மாற்றினார்கள்; மாற்ற ஆளில்லாதவற்றை நீக்கினார்கள். 2021-இல் வந்த 11-ஆம் பதிப்பில், சில மென்பொருள்களைக் கட்டி முடிப்பதற்காக மட்டும் பழைய பைத்தானை விட்டுவைத்தார்கள். 2023-இல்தான் அது முற்றாக விடைபெற்றது. அவசரமும் இல்லை, அலட்சியமும் இல்லை.

களஞ்சியத்திலிருந்து நீக்கியது அடியோடு அழிந்துவிடுவதில்லை. பழைய பொதிகளுக்கென டெபியன் தனியொரு காப்பகம் வைத்திருக்கிறது. உங்கள் வீட்டுக் கணினியில் முன்பே ஏற்றிய பொதியும் தானாக மறைந்துவிடாது. ஆனால் அதற்குத் திருத்தம் இனி வராது. அத்தகைய அறிவிப்பைக் கண்டால் பிள்ளைகள் தள்ளிப்போடாமல் மாற்று ஒன்றைத் தேடிக்கொள்ளட்டும்.

ஒரு பொருளை வைத்துக்கொள்வதற்கு அதன் வயது அளவுகோலன்று. அதற்குப் பொறுப்பேற்க ஓர் ஆள் இருப்பதே அளவுகோல்.