முதல் வள்ளம் வாங்கப் போகிறீர்களா?

முகத்துவாரத்திலும் மட்டக்குளியிலும் மீன் வியாபாரம் செய்யும் ஒருவருக்குக் கையில் நாலு காசு சேர்ந்தால் முதலில் எழும் ஆசை, சொந்தமாக ஒரு வள்ளம் வாங்குவதுதான். நியாயமான ஆசை. பிறர் பிடித்து வரும் மீனுக்குக் கரையில் நின்று விலை கேட்டுக்கொண்டிருப்பவர், தன் வள்ளத்து மீனைத் தானே பேலியகொடைக்கு அனுப்பினால் இடையில் போகும் இலாபம் தன்னிடமே தங்கும் என்று கணக்குப் போடுகிறார். மீனோடு சம்பந்தமே இல்லாத கடை முதலாளிகளும் இப்போது இந்தப் பக்கம் பார்க்கிறார்கள். புது வள்ளமும் புது எஞ்சினும் எட்டாத விலையில் இருப்பதால் அநேகமானோர் தேடுவது பாவித்த வள்ளத்தைத்தான்.

பாவித்ததை வாங்குவதில் பிழை எதுவும் இல்லை. கடையில் சரக்கு எடுப்பது போல விலையை மட்டும் பார்த்து எடுப்பதில்தான் பிழை வருகிறது. கடலுக்குப் போகும் நாளில்தான் வள்ளம் உழைக்கும். கரையில் கிடக்கும் நாளில் அது உங்கள் முதலைத் தின்னும். ஆகவே ‘எவ்வளவுக்குக் கிடைக்கிறது?’ என்று கேட்பதற்கு முன், ‘வருடத்தில் எத்தனை நாள் போகும், ஒரு தடவை போய்வர என்ன செலவாகும்?’ என்று கேட்க வேண்டும்.

முதலில் எந்த வகை என்று தீர்மானிப்போம். துறைமுகத்தில் நிற்கும் பலநாள் ட்ரோலரைக் கண்டு மயங்க வேண்டாம். பழைய ட்ரோலர் சில வேளை ஆச்சரியமான விலைக்கு வரும். ஆனால் அதற்கு ஐஸ், டீசல், சாப்பாடு, நாலைந்து ஆட்களுக்கு முற்பணம் என்று ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாக ஒரு முதல் வேண்டும். அத்துடன், இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் அறிவித்து 2016இல் நீக்கிய தடைக்குப் பிறகு, ஆழ்கடல் படகுகளுக்குக் கண்காணிப்புக் கருவி, பதிவேடு என்று சட்டதிட்டங்கள் இறுகிவிட்டன. ஆரம்பிப்பவருக்கு ஏற்றது, காலையில் போய் அன்றே, அல்லது இரவில் போய் விடியக் கரை சேரும் 18 முதல் 23 அடி வரையான பைபர் வள்ளம்தான். திணைக்களப் பதிவில் ‘ஓ.எஃப்.ஆர்.பி.’ என்ற எழுத்துக்களோடு வருவது இந்த வகையே. வெளியே மாட்டும் எஞ்சின், இரண்டு மூன்று ஆட்கள், போதும்.

இனி செலவுக்கு வருவோம். இந்த வள்ளங்களில் அதிகமானவை மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்கு ஏறியதை இந்தக் கரையோரத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். 25 குதிரைவலு இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினை நன்றாக விரட்டினால் மணிக்குப் பத்து லீற்றர் அளவில் குடிக்கும். போக வர நாலு மணி நேர ஓட்டம் என்றால் 40 லீற்றர். பழைய விலையில் 3,480 ரூபாவாக இருந்த செலவு 13,600 ஆகிப் போனது. மீன் பட்டாலும் படாவிட்டாலும் அந்தக் காசு போனது போனதுதான். அந்த விலை பின்னர் இறங்கியது. ஆனாலும் பழைய 87க்குத் திரும்பவில்லை. எனவே ‘40 குதிரைவலு, பறக்கும்’ என்று ஒருவர் ஆசை காட்டினால் கொஞ்சம் யோசியுங்கள். கரையோடு ஒட்டிய வலைத் தொழிலுக்கு 15 அல்லது 25 தாராளம். பறப்பதற்கான செலவு உங்கள் சட்டைப் பையிலிருந்துதான் போகும்.

அடுத்தது எஞ்சின். பாவித்த வள்ளத்தின் விலையில் பெரும்பகுதி எஞ்சினுக்குத்தான் போகிறது, ஏமாற்றும் அங்கேதான் அதிகம். பார்க்கப் போகுமுன் ‘எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். குளிர்ந்த எஞ்சின் இரண்டு மூன்று இழுப்பில் பிடிக்க வேண்டும். பிடித்ததும் பக்கவாட்டிலுள்ள சிறு துவாரத்தால் தண்ணீர் விடாமல் பீச்சியடிக்க வேண்டும். அது சொட்டுச் சொட்டாக வந்தால் குளிரூட்டும் பாதையில் உப்பு அடைத்திருக்கிறது, அல்லது தண்ணீர் பம்ப் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அப்படியே ஓட்டினால் நடுக்கடலில் எஞ்சின் சூடேறி இறுகிவிடும். கீழ்ப்பகுதியிலுள்ள ஆணியைக் கழற்றி கியர் ஒயிலைக் கொஞ்சம் வடியவிட்டுப் பாருங்கள். பால் கலந்த தேநீர் போல் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. கூலி கொடுத்தாவது ஒரு மெக்கானிக்கை அழைத்துச் சென்று, சிலிண்டர்களின் கம்பிரஷனை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கும் மற்றதற்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அந்த எஞ்சினுக்குச் செலவு காத்திருக்கிறது. அந்த மெக்கானிக், விற்பவர் கொண்டுவரும் ஆளாக இருக்கக் கூடாது.

மண்ணெண்ணெய் எஞ்சினில் கரி படியும். பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்குக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் முறை. விற்பவரிடம் சும்மா பேச்சுவாக்கில் ‘எப்படி நிறுத்துவீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவுவாரா என்றும் கேளுங்கள். எஞ்சின் எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பதை அவருடைய பதிலே காட்டிக்கொடுத்துவிடும்.

உடம்பைப் பார்ப்பது அவ்வளவு கடினமல்ல. புதுப் பெயின்ற் அடித்த பழைய வள்ளம் என்றால் சந்தேகத்தோடு பாருங்கள். வெடிப்பை மறைக்கப் பெயின்றை விட மலிவான வழி இல்லை. விரல் மொழியால் அல்லது ஒரு நாணயத்தால் முழு நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று இறுக்கமான சத்தம் வரும். பைபர் படைகள் பிரிந்த இடத்தில் சத்தம் மந்தமாகிவிடும். மிக முக்கியமான இடம் எஞ்சின் மாட்டும் பின்பலகை. வெளியே பைபர் தெரிந்தாலும் அநேகமாக உள்ளே இருப்பது பலகைதான். ஆணித் துவாரங்களால் தண்ணீர் இறங்கி அது உக்கிப்போகும். எஞ்சினை மாட்டிய நிலையில் அதைப் பிடித்து மேலும் கீழுமாக அசையுங்கள். பின்பலகையும் சேர்ந்து அசைந்தால் கதை அங்கேயே முடிந்தது. மணலில் இழுத்து இழுத்து அடித்தட்டு தேய்ந்திருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். மேலோட்டமான கீறல்களுக்குப் பயப்பட வேண்டியதில்லை. அதற்குப் பைபர் பாயும் ரெசினும் போதும்.

வள்ளம் கட்டிய வருடத்தையும் கேளுங்கள். 2004 சுனாமியில் நாட்டின் மீன்பிடிக் கலங்களில் பெரும்பகுதி அழிந்தும் சேதமடைந்தும் போனதால், அடுத்த ஓரிரு வருடங்களில் நன்கொடைப் பணத்தில் சிறு வள்ளங்கள் அவசர அவசரமாகக் கட்டிக் கொடுக்கப்பட்டன. அவற்றுள் தரம் குறைந்தவையும் கடலுக்கே உதவாதவையும் இருந்தன என்பது அப்போதே பேசப்பட்ட விடயம். அந்தக் காலத்து வள்ளம் கை மாறி மாறி இன்று உங்களிடம் விலைக்கு வரலாம். யார் கட்டியது, எந்த யார்ட் என்று சொல்ல முடியாத வள்ளத்தை விட்டுவிடுவதே நல்லது.

பத்திரங்கள் விடயத்தில் நமது ஆட்கள் பலர் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருந்துவிடுகிறார்கள். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின் கீழ் மீன்பிடிக் கலம் பதிவு செய்யப்பட வேண்டும், தொழில் செய்வதற்கு அனுமதிப்பத்திரமும் வேண்டும். வள்ளத்தின் பக்கத்தில் எழுதியுள்ள இலக்கமும் பதிவுச் சான்றிதழும் ஒன்றா? எஞ்சினில் பதித்த இலக்கமும் பத்திரத்தில் உள்ளதும் ஒன்றா? விற்பவரின் பெயரில்தான் இருக்கிறதா, லீசிங் கடன் ஏதும் நிற்கிறதா? இவற்றை மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டு, பெயர் மாற்றம் முடிந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள். ‘வலையையும் சேர்த்துத் தருகிறேன்’ என்று சொன்னால் அந்த வலையைக் கண்ணால் பாருங்கள். தங்கூசி வலை தடைசெய்யப்பட்டது. இலவசமாகக் கிடைத்தாலும் பிடிபட்டால் வழக்கு உங்களுக்குத்தான்.

விலை பேசும்போது இந்தக் கணக்கை மனதில் வையுங்கள். ஒரு பேச்சுக்கு, ஒரு வள்ளம் 6 இலட்சம், இன்னொன்று 9 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். மலிவான வள்ளம் எஞ்சின் கோளாறால் வருடத்தில் 30 நாள் கரையில் கிடக்கிறது. போகும் ஒரு நாளில் உரிமையாளருக்கு 4,000 ரூபா மிஞ்சுமென்றால், அந்த 30 நாளில் இழப்பது 1,20,000. மூன்று வருடத்தில் 3,60,000. திருத்தச் செலவைச் சேர்க்காமலே மிச்சம் பிடித்த 3 இலட்சமும் போய்விட்டது. அதிலும் மேற்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக் கடல் சிறு வள்ளத்துக்கு இடம் கொடுக்கும் நாட்கள் குறைவு. எஞ்சியுள்ள ஆறேழு மாதத்தில்தான் வருட உழைப்பு முழுவதும். மாறாக, வாங்குபவருக்கு அந்த ஓய்வு மாதங்கள் நல்ல காலம். கரையேற்றி வைத்த வள்ளத்தின் அடிப்பக்கத்தை ஆறுதலாகப் பார்க்கலாம், விலையிலும் இறங்கி வருவார்கள். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது இந்தப் பகுதியில் மீன்பிடிக்கவே தடை வந்தது. அப்படியான நாட்களைத் தாங்க, கையிலுள்ள முழுப் பணத்தையும் வள்ளத்தில் போடாமல் மூன்று நாலு மாதச் செலவையாவது ஒதுக்கி வைக்க வேண்டும்.

கடைசியாக, ஓட்டப் போவது யார்? நீங்கள் கடலுக்குப் போகாதவர் என்றால், வள்ளத்தைத் தேடுமுன் ஆளைத் தேடுங்கள். அவரையே கூட்டிச் சென்று வள்ளத்தைப் பார்க்கச் செய்யுங்கள். எண்ணெய், ஐஸ் செலவைக் கழித்து மீதியை வள்ளத்துக்கும் ஆட்களுக்கும் பாதி பாதியாகப் பிரிப்பது பரவலான வழக்கம். துறைக்குத் துறை சிறிது மாறும். முழாரபா முறை தெரிந்த நமது வர்த்தகர்களுக்கு இது புதிதல்ல. முதல் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது, கிடைத்ததில் பங்கு. வலை கிழிந்தால் யார் செலவு, எஞ்சின் பழுதானால் எந்தக் கணக்கில் கழிப்பது, ஆட்களுக்குக் கொடுத்த முற்பணத்தை எப்படித் திருப்பி எடுப்பது என்பவற்றை இரண்டு சாட்சிகளோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கரையில் நடக்கும் சண்டைகளில் பாதி இந்த மூன்றினால் வருபவை. உயிர்காப்பு அங்கி ஆளுக்கொன்று வாங்கும் செலவையும் முதல் நாள் கணக்கிலேயே சேர்த்து எழுதிவிடுங்கள்.