மாமியாரைச் சாப்பிட வைத்த சம்பல்

தேங்காய் ரொட்டியும் சம்பலும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துச் சாப்பாடு. 1964 ஒப்பந்தத்தால் நீலகிரிக்கு வந்த குடும்பங்களில் இன்றும் உண்டு.

இரண்டு கப் மைதா, ஒரு கப் தேங்காய்த் துருவல், உப்பு சேர்த்துப் பிசைந்து, கனமாகத் தட்டி, தோசைக்கல்லில் சுடவும். சம்பலுக்கு ஐந்து வரமிளகாய், உப்பு, ஆறு சின்ன வெங்காயம், அரை மூடித் துருவல், கொஞ்சம் மாசிக் கருவாடு. தண்ணீர் விடாமல் அம்மியில் தட்டி, கடைசியில் எலுமிச்சை பிழியவும். மைய அரைச்சா சட்னிதான், சம்பல் ஆகாது!

அந்தத் தோட்டத்தில் பிறந்தவர் என் மாமியார். மாமனார் போன பிறகு சோற்றைத் தொடவே மாட்டார். இதைச் செய்து வைத்தேன். "இன்னொண்ணு போடும்மா" என்றார்!

சாப்பிட மறுக்கும் பெரியவர்களிடம் சத்து மாவை நீட்டுவதற்கு முன், சின்ன வயதில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுப் பாருங்களேன்.

- ஒரு வாசகி, கோத்தகிரி.