ஓய்வூதியப் பறிப்பு: தண்டனை யாருக்கு?

ஊழல் வழக்கில் அதிகாரி ஒருவர் தண்டிக்கப்படும்போதெல்லாம், ‘இவருக்கு இனியும் ஓய்வூதியமா?’ என்ற கேள்வி எழுகிறது. கேள்வி நியாயமானது, விடை அத்தனை எளிதல்ல.

ஓய்வூதியம் அரசு விரும்பினால் அளிக்கும் கொடை அல்ல, ஊழியரின் சொத்து என்று 1971-இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொத்து என்பதால் சட்டத்தின் துணையின்றி அதைப் பறிக்க இயலாது. வெறும் நிர்வாக உத்தரவு அதற்குப் போதாது என்று 2013-இல் ஜார்க்கண்ட் அரசு தொடர்ந்த மேல்முறையீட்டிலும் அந்நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

மத்திய அரசின் ஓய்வூதிய விதிகள் அந்தச் சட்ட வழியை அளிக்கின்றன. ஓய்வுக்குப் பிந்தைய நன்னடத்தை ஓய்வூதியத்துக்கான நிபந்தனை. கடுங்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவரின் ஓய்வூதியத்தை முழுமையாகவோ பகுதியாகவோ நிறுத்தலாம். பணியில் இருக்கும்போதே நீக்கப்பட்டவரின் முந்தைய பணிக்காலம் முழுவதும் கணக்கிலிருந்து விலகிவிடும். தனிப் பரிவுக்கு உரியவர் எனக் கருதப்பட்டால் மட்டும், ஓய்வூதியத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மிகாத கருணைப்படி கிடைக்கலாம்.

அதுவும் மறுக்கப்பட்டால், குற்றத்தில் பங்கில்லாத மனைவியின் முதுமையும் சேர்ந்தே தண்டிக்கப்படுகிறது. ‘லஞ்சப் பணத்தில் குடும்பமும்தானே வாழ்ந்தது?’ என்று கேட்கலாம். அந்தப் பணத்தைப் பறிமுதல் செய்ய, 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டமே வழிவகுக்கிறது. ஓய்வூதியமோ நேர்மையாக உழைத்த ஆண்டுகளுக்கும் உரியது.

எனவே, பறிக்கும் அதிகாரம் தேவை என்றே கருதுகிறேன். ஆனால், எவ்வளவு, எத்தனை காலத்துக்கு, ஏன் என்பதை ஒவ்வோர் ஆணையும் விளக்க வேண்டும். குடும்பத்தின் பிழைப்புக்கான பங்கை அது தொடக்கூடாது.