சுழலும் வட்டமும் சிவப்புத் திரையும்



நாளை வகுப்பில் கொடுக்க வேண்டிய கட்டுரைக்காகக் கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கிறீர்கள். ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கிறீர்கள். திரையில் ஒரு சிறு வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. பக்கம் வந்தபாடில்லை. பொறுமையிழந்து எதையோ தட்டுகிறீர்கள். உடனே திரை முழுவதும் சிவப்பாகிறது. "எச்சரிக்கை! உங்கள் கணிப்பொறியில் 5 வைரஸ்கள் புகுந்துவிட்டன. அணைக்காதீர்கள்! உடனே இந்த எண்ணை அழையுங்கள்!" என்ற எழுத்துகள் மின்னுகின்றன. ஒலிபெருக்கி அலறுகிறது. உங்கள் நெஞ்சும் படபடக்கிறது.

இந்த நேரத்தில் என்ன செய்வது? அந்த எண்ணை அழைத்தால் வீட்டுப் பணம் பறிபோகலாம். அழைக்காவிட்டால் கணிப்பொறி கெட்டுவிடுமோ என்று அச்சம். இந்த அச்சத்திலிருந்து விடுபட ஒரே வழி, இணையப் பக்கம் என்பது என்ன, அதனால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று தெரிந்துகொள்வதுதான். முதலில் சுழலும் வட்டத்திலிருந்து தொடங்குவோம்.

பக்கம் எப்படி வந்து சேருகிறது?

பிரவுசர் என்று நாம் வழங்கும் உலாவி, இணையப் பக்கங்களைக் கேட்டு வாங்கித் திரையில் காட்டும் ஒரு மென்பொருள். ஒரு தளத்தின் பெயரை நீங்கள் தட்டியதும், அந்தப் பெயருக்குரிய எண் முகவரியை அது முதலில் தேடுகிறது. தொலைபேசி எண் புத்தகத்தில் பெயரைப் பார்த்து எண்ணைக் கண்டுபிடிப்பது போன்ற வேலை இது. இதற்கான ஏற்பாட்டை 1983-ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்க அறிஞர் வகுத்தார். முகவரி கிடைத்ததும் உலாவி அந்தத் தளத்தின் கணிப்பொறியோடு தொடர்பு கொள்கிறது. இருவரும் பேசுவதை வேறு யாரும் ஒட்டுக் கேட்காதபடி ஒரு ரகசியக் குறியீட்டை முடிவு செய்கிறார்கள். அதன் பிறகே "பக்கத்தை அனுப்பு" என்ற கோரிக்கை போகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? சென்னையிலிருந்து நியூயார்க் சுமார் 13,500 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆகவே ஒரு தடவை போய்த் திரும்ப 0.135 விநாடி ஆகும். தொடர்புக்கு ஒரு தடவை, குறியீட்டுக்கு ஒரு தடவை, கோரிக்கைக்கு ஒரு தடவை என மூன்று தடவை போய் வந்தால் சுமார் 0.4 விநாடி. உண்மையில் கம்பிகள் நேர்கோட்டில் செல்வதில்லை. வழியில் பல நிலையங்களில் நின்று திரும்புகின்றன. ஆகவே நேரம் இன்னும் கூடும். இதனால்தான் பெரிய தளங்கள் தங்கள் பக்கங்களின் நகல்களை உலகின் பல நகரங்களில் வைத்திருக்கின்றன. அருகில் உள்ள நகல் விரைவில் வந்து சேரும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், 1989-இல் டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலை என்ற கருத்தை முன்வைத்தார். அவர் உருவாக்கிய முதல் பக்கத்தில் எழுத்துகளும் இணைப்புகளும் மட்டுமே இருந்தன. இன்றைய பக்கமோ படங்கள், எழுத்துருக்கள், சிறு நிரல்கள், விளம்பரங்கள் எனப் பல துண்டுகளால் ஆனது. அவை ஒரே இடத்திலிருந்து வருவதும் இல்லை. கட்டுரை ஒரு கணிப்பொறியிலிருந்து வரும். விளம்பரம் வேறொன்றிலிருந்து வரும். கல்யாணப் பந்தியில் இலை போட்டாகிவிட்டது, சாம்பார் மட்டும் வரவில்லை என்றால் எல்லாரும் காத்திருப்பது போல, ஏதாவது ஒரு துண்டு தாமதமானாலும் பக்கம் தடுமாறக்கூடும்.

தாமதம் எங்கே?

ஆக, தாமதத்துக்குக் காரணம் நான்கு இடங்களில் இருக்கலாம்: தளம், இணைய இணைப்பு, உங்கள் கணிப்பொறி, உலாவி. எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் அறிவியல் ஆய்வுக்கூடத்தில் கற்ற விதிதான் இங்கும் உதவும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். மற்றவை அப்படியே இருக்க வேண்டும்.

முதலில் தளத்தை மாற்றுங்கள். வேறு இரண்டு மூன்று தளங்கள் விரைவாகத் திறந்தால், குற்றம் முதல் தளத்தினுடையது. காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எல்லாத் தளங்களும் மெதுவாக இருந்தால், கருவியை மாற்றுங்கள். அதே வைஃபை இணைப்பில் வீட்டிலுள்ள கைப்பேசியில் திறந்து பாருங்கள். அதிலும் தாமதம் என்றால் இணைப்பில்தான் கோளாறு. வைஃபை கருவியின் அருகே சென்று சோதியுங்கள். சுவர்கள் ரேடியோ அலைகளை வலுவிழக்கச் செய்யும். மைக்ரோவேவ் அடுப்பும் பல வைஃபை கருவிகளும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்குவதால், அடுப்பு ஓடும்போது இணைப்பு தடுமாறலாம். வைஃபை கருவியை ஒரு முறை அணைத்து மீண்டும் இயக்குவதும் பலன் தரும்.

கைப்பேசியில் விரைவு, கணிப்பொறியில் மட்டும் தாமதமா? அப்படியானால் உலாவியை மாற்றுங்கள். வேறொரு உலாவியில் அதே பக்கம் சட்டென்று வந்தால், பழைய உலாவிக்குள்தான் ஏதோ இருக்கிறது. வேறு உலாவியிலும் தாமதம் என்றால் கணிப்பொறியைப் பாருங்கள். ஒரே நேரத்தில் பல மென்பொருள்கள் ஓடி நினைவகத்தை நிரப்பியிருக்கக்கூடும்.

மிரட்டும் திரைக்கு என்ன தெரியும்?

இப்போது சிவப்புத் திரைக்கு வருவோம். "உங்கள் கணிப்பொறியைச் சோதித்துவிட்டேன், 5 வைரஸ்கள் இருக்கின்றன" என்கிறது அது. உண்மையில் அது சோதித்ததா?

இல்லை. இணையப் பக்கம் என்பது உலாவிக்குள் அடைபட்ட ஒன்று. பக்கத்தில் உள்ள நிரல்கள் ஒரு வேலிக்குள்தான் ஓட வேண்டும் என்று உலாவி கட்டுப்படுத்துகிறது. உங்கள் கோப்புகளை அது விருப்பம்போல் திறந்து படிக்க முடியாது. நீங்களே ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் மட்டுமே அதைப் பார்க்க முடியும். தெருவில் ஒட்டிய சுவரொட்டி உங்கள் வீட்டு அலமாரிக்குள் எட்டிப் பார்க்குமா? அப்படியானால் "உன் அலமாரியில் பாம்பு இருக்கிறது" என்று சுவரொட்டி சொன்னால் அதை நம்புவீர்களா?

"ஆனால் நான் விண்டோஸ் பயன்படுத்துவதும், என் ஊர்ப் பெயரும் அதற்குத் தெரிந்திருக்கிறதே!" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பக்கத்தைக் கேட்கும்போதே உலாவி, தான் எந்த வகை உலாவி, எந்த இயங்குதளத்தில் ஓடுகிறது என்று தளத்துக்குச் சொல்லிவிடுகிறது. பதில் அனுப்ப வேண்டிய எண் முகவரியும் தளத்துக்குத் தெரியும். அந்த எண்ணிலிருந்து உங்கள் ஊரைத் தோராயமாகக் கணிக்கலாம். எல்லாத் தளங்களுக்கும் தெரியும் சாதாரண விவரங்கள் இவை. கைரேகை பார்ப்பதாகச் சொல்பவர் வாசலில் தொங்கும் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு உங்கள் பெயரைச் சொல்வது போன்ற தந்திரம்தான் இது.

சதவீதம் ஏறிக்கொண்டே போவதும், வைரஸ் எண்ணிக்கை கூடுவதும் வெறும் இயங்கு படம். இதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. விண்டோஸில் மட்டுமே உள்ள "சி டிரைவ்" என்ற பகுதியில் வைரஸைக் கண்டுபிடித்ததாக, அத்தகைய பகுதியே இல்லாத ஆப்பிள் கணிப்பொறியில்கூட இப்பக்கங்கள் கூசாமல் காட்டியதுண்டு!

அச்சம் ஒரு வியாபாரம்

இந்த மோசடி புதிதன்று. 2008 டிசம்பரில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் இன்னவேட்டிவ் மார்க்கெட்டிங் என்ற நிறுவனத்தின் மீதும் அதைச் சேர்ந்தவர்கள் மீதும் வழக்குத் தொடர்ந்தது. விளம்பரம் மூலம் கணிப்பொறியைச் சோதிப்பது போல் நடித்து, இல்லாத வைரஸ்களைக் காட்டி, "வின்ஃபிக்சர்", "டிரைவ்கிளீனர்" போன்ற மென்பொருள்களை விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏமாந்து பணம் கொடுத்திருந்தனர். விளம்பரங்களை வாங்கி வெளியிடும் நிறுவனங்களையே ஏமாற்றி, புகழ்பெற்ற தளங்களிலும் அவை இடம் பிடித்தன. 2012-இல் நீதிமன்றம் 16 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் செலுத்தும்படி தீர்ப்பளித்தது.

நல்ல தளத்திலும் கெட்ட விளம்பரம் வரலாம் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள். பின்னர் மோசடிக்காரர்கள் முறையை மாற்றிக்கொண்டார்கள். மென்பொருளை விற்பதற்குப் பதிலாகத் தொலைபேசி எண்ணைக் காட்டுகிறார்கள். அழைத்தால் ஒருவர் பணிவாகப் பேசுவார். தொலைவிலிருந்து உங்கள் கணிப்பொறியை இயக்க உதவும் ஒரு மென்பொருளை நிறுவச் சொல்வார். நீங்கள் நிறுவிய அந்த நொடியில்தான் உண்மையான ஆபத்து வீட்டுக்குள் நுழைகிறது. பூட்டிய கதவைத் திறந்துவிட்டது திருடன் அல்ல, நாமே!

இரண்டு தொல்லைகளுக்கும் ஒரே வேர்

சில சமயம் தாமதமும் மிரட்டலும் சேர்ந்தே வரும். அப்போது இரண்டு இடங்களைச் சோதியுங்கள்.

ஒன்று, எக்ஸ்டென்ஷன் எனப்படும் துணைநிரல்கள். உலாவிக்குக் கூடுதல் வசதி தர நாமே சேர்ப்பவை இவை. நீங்கள் பார்க்கும் எல்லாப் பக்கங்களையும் படிக்கவும் மாற்றவும் இவற்றில் சிலவற்றுக்கு அனுமதி கொடுத்திருப்போம். கெட்ட துணைநிரல் ஒன்று ஒவ்வொரு பக்கத்திலும் தன் விளம்பரங்களைச் செருகும். அதனால் பக்கம் கனத்து மெதுவாகும். மிரட்டல்களும் எட்டிப் பார்க்கும். எல்லாத் துணைநிரல்களையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். எதை இயக்கும்போது தொல்லை திரும்புகிறதோ அதுவே குற்றவாளி. அதை நீக்கிவிடுங்கள்.

மற்றொன்று, நோட்டிஃபிகேஷன் எனப்படும் அறிவிப்புகள். "நீங்கள் ரோபோ அல்ல என்று காட்ட 'அனுமதி' என்பதைத் தட்டுங்கள்" என்று ஒரு பக்கம் கேட்டிருக்கும். நீங்களும் தட்டியிருப்பீர்கள். அன்று முதல், அந்தப் பக்கத்தை மூடிய பிறகும், திரையின் ஓரத்தில் "வைரஸ்! வைரஸ்!" என்று துண்டுச் செய்திகள் வரும். இது நோயன்று, நாம் கொடுத்த அனுமதி. உலாவியின் அமைப்புகளில் அறிவிப்புப் பகுதிக்குச் சென்று, தெரியாத தளங்களை நீக்கினால் சத்தம் அடங்கிவிடும்.

சிவப்புத் திரை வந்தால்

எதையும் அழைக்காதீர்கள், எதையும் தரவிறக்காதீர்கள். பக்கத்தை மூட முடியவில்லையா? அது திரை முழுவதையும் நிறைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு மூடுங்கள். முடியாவிட்டால் விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மானேஜர் வரும். அதில் உலாவியைத் தேர்ந்தெடுத்து நிறுத்துங்கள். மீண்டும் திறக்கும்போது, பழைய பக்கங்களைக் கொண்டுவரவா என்று உலாவி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிறகு மனநிறைவுக்காக, விண்டோஸிலேயே உள்ள பாதுகாப்பு மென்பொருளைக் கொண்டு ஒரு முழுச் சோதனை செய்யுங்கள். அதுதான் உண்மையான சோதனை. கோப்புகளை அதனால் பார்க்க முடியும்.

வைரஸ் என்பதே பொய்யா என்றால், இல்லை. வேலியிலும் சில சமயம் ஓட்டை விழும். அதை அடைப்பதற்காகவே உலாவிக்கும் இயங்குதளத்துக்கும் புதுப்பிப்புகள் வருகின்றன. அவற்றைத் தள்ளிப் போடாதீர்கள். உலாவியும் சில ஆபத்தான தளங்களுக்குள் நுழையும் முன் சிவப்புப் பக்கம் காட்டித் தடுப்பதுண்டு. அப்படியானால் மெய்யான எச்சரிக்கையைப் பொய்யானதிலிருந்து பிரித்தறிவது எப்படி? உலாவியின் எச்சரிக்கை "திரும்பிப் போ" என்று சொல்லும். "அழை, பணம் கட்டு, அவசரம்" என்று சொல்லாது. தங்கள் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் தெளிவாக அறிவித்துள்ளது.

வீட்டில் யாராவது ஏற்கெனவே அழைத்துவிட்டார்களா? அவர்களைத் திட்டாதீர்கள், திட்டுக்கு அஞ்சி மறைத்தால் நேரம்தான் வீணாகும். உடனே இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வங்கிக்குத் தகவல் சொல்லுங்கள். இந்தியாவில் 1930 என்ற எண்ணில் இணையக் குற்றப் புகாரைப் பதிவு செய்யலாம். எவ்வளவு விரைவில் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள்.

செய்து பாருங்கள்

கணிப்பொறியில் உலாவியைத் திறந்து எஃப் 12 விசையை அழுத்துங்கள். வரும் பகுதியில் "நெட்வொர்க்" என்பதைத் தேர்ந்தெடுத்து, ஏதாவது ஒரு செய்தித் தளத்தைத் திறங்கள். வந்து சேரும் ஒவ்வொரு துண்டும் ஒரு வரியாக, அதன் அளவோடும் எடுத்துக்கொண்ட நேரத்தோடும் தெரியும். மொத்தம் எத்தனை துண்டுகள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே பக்கத்தை இரண்டாம் முறை திறங்கள். இப்போது சில துண்டுகள் மிக விரைவாக வருவதைக் காண்பீர்கள். முதல் முறை வந்தவற்றை உலாவி உங்கள் கணிப்பொறியிலேயே சேமித்து வைத்திருப்பதே காரணம்.

ஒரு பக்கம் எப்படித் துண்டு துண்டாக வந்து சேருகிறது என்பதை இப்படி ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால், சிவப்புத் திரையும் அதே போல எங்கிருந்தோ வந்த ஒரு படம்தான் என்பது விளங்கிவிடும். இன்றே உங்கள் பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் அருகில் அழைத்து இதைக் காட்டுங்கள். அடுத்த முறை திரை அலறினால், அவர்கள் அந்த எண்ணை அழைக்கும் முன் உங்களை அழைப்பார்கள்!